நாகர்கோவிலும் திருச்சாரணமும்: கல்லில் நிலைத்த சமண நினைவு

நாகர்கோவில் என்னும் ஊர்ப்பெயரே ஒரு கோயிலின் பெயர்தான். குமரி மாவட்டத்தின் தலைநகராக விளங்கும் அவ்வூர், தன் நடுவே அமைந்த நாகராசர் திருக்கோயிலால் அப்பெயரைப் பெற்றது. ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பால்குடமும் மஞ்சளுமாகக் கூடும் மக்கள் பல்லாயிரவர். மகப்பேறு வேண்டியும், நாகதோடம் நீங்க வேண்டியும் வரும் அவர்களிற் பலர், தாம் கடந்து செல்லும் மண்டபத் தூண்களில் யார் நிற்கிறார் என்று நோக்குவதில்லை. நோக்கினால், ஐயத்திற்கு இடமின்றி அங்கே நிற்பவர் இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரராகிய ஸ்ரீ பார்சுவநாதர் என்பது தெரியவரும்.

வடமாவட்டங்களிலிருந்து திருத்தல யாத்திரையாக அங்குச் செல்லும் தமிழ்ச் சமணர் அத்தூணின் முன் நின்றதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இது யாருடைய கோயில்?" என்பதே அது. எளிய கேள்வியாகத் தோன்றினும், அதற்குச் சொல்லப்படும் விடையைப் பொறுத்தே அண்டை சமயத்தாரோடு கொள்ளும் உறவும், முன்னோரைப் பற்றிய மதிப்பீடும் அமைகின்றன. ஆகவே, விடையை மனவெழுச்சியிடம் விடாமல் கல்வெட்டுகளிடமும் சிற்பங்களிடமும் கேட்பதே முறை.

ஓலை வேய்ந்த கருவறை

நாகராசர் கோயிலின் தெற்கு வாயிலில் மகாமேரு மாளிகை எனப்படும் கேரளப் பாணிக் கட்டடம் உயர்ந்து நிற்கிறது. உள்ளே சென்றால், கோயிலின் முதன்மைத் தெய்வமாகிய நாகராசரின் கருவறையோ ஓலைக் கூரையோடு காட்சி தருகிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் பழைய ஓலையைக் களைந்து புதிய ஓலை வேய்வது இன்றளவும் பிறழாத வழக்கம். கருவறையின் தரை கல் பாவப்பெறாத மண்தரை. எப்போதும் நீர் கசியும் அம்மண்ணே அடியார்க்குத் திருப்பிரசாதமாக வழங்கப்படுகிறது. அம்மண் ஆண்டின் ஒரு பாதியில் கருமையாகவும் மறுபாதியில் வெண்மையாகவும் மாறும் என்பது மக்களின் நம்பிக்கை.

புல்லறுத்த பெண்ணொருத்தியின் அரிவாள் பட்ட கல்லிலிருந்து குருதி பெருகிற்று என்றும், ஊரார் திரண்டு பார்த்தபோது ஐந்தலை நாகத்தின் உருவைக் கண்டு குடிசை அமைத்து வழிபடத் தொடங்கினர் என்றும் தலக்கதை கூறும். கருவறை வாயிலின் இருபுறமும் துவாரபாலகராக நிற்பவை இரு நாகங்கள். சமண மரபில் வந்தோர் இவ்விரண்டையும் தரணேந்திரன், பத்மாவதி என்றே கொள்கின்றனர். கோயில் வளாகத்தில் சிவனுக்கும் அனந்தகிருஷ்ணனுக்கும் தனித்தனிச் சந்நிதிகள் உண்டு. தைத் திருவிழாவில் தேரேறி வருபவர் அனந்தகிருஷ்ணனே. இவ்வாறு நாகர், சைவர், வைணவர் என மூவகை வழிபாடு ஒரே மதிலுக்குள் நடைபெறுவது அக்கோயிலின் இயல்பு. தூண்களில் உறையும் சமணம் அங்கு நான்காவதாக நிற்கிறது.

தூண்களில் நிற்கும் தீர்த்தங்கரர்

மண்டபத் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர், பத்மாவதி ஆகியோரின் உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. தலைமேல் படமெடுத்த நாகம் குடைபோல் நிற்க, ஆடையணி ஏதுமின்றிக் கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்கும் திருமேனி பார்சுவநாதருடையது என்பதைச் சமணர் வீட்டுச் சிறுவரும் அறிவர்.

பார்சுவநாதரின் வரலாறு நாகத்தோடு பிரிக்கவியலாதது. தவசி ஒருவன் மூட்டிய வேள்வித் தீயில் எரிந்துகொண்டிருந்த கட்டையினுள் பாம்பிணை இருப்பதை அறிந்து, அவற்றுக்கு அறமொழி கூறி நற்கதி அளித்தவர் அவர். அப்பாம்புகளே தரணேந்திரனாகவும் பத்மாவதியாகவும் பிறந்தன. பின்னர்ப் பகைகொண்ட கமடன் பெருமழையும் கல்மாரியும் பொழிந்து அவர்தம் தியானத்தைக் குலைக்க முயன்றபோது, தரணேந்திரன் தன் படத்தை விரித்துக் காத்தான். உயிர்க்கொலை விலக்கலும் நன்றி மறவாமையும் ஒருங்கே விளங்கும் இக்கதை, நாக வழிபாடு வேரூன்றிய தென்கோடி நிலத்தில் எளிதாக மக்கள் நெஞ்சில் இடம்பிடித்திருக்கும் என்பதில் வியப்பில்லை. பாம்பை அஞ்சி வணங்கியவர்க்கு, பாம்பின் துயரையும் உணர்ந்த ஓர் அறவோரைச் சமணம் காட்டியது. இரு வழிபாடுகளும் சந்தித்த இடம் அதுவே.

திருக்கோட்டாறு

நாகர்கோவில் என்னும் பெயர் பரவுமுன் அந்நகரின் பழம்பெயர் கோட்டாறு. இன்று அது நகரின் ஒரு பகுதியாகவும் பெரிய வாணிகச் சந்தையாகவும் விளங்குகிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறித்த கொட்டியாரா என்னும் ஊர் இதுவே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. வணிகம் செழித்த பெருவழிகளில் சமணப் பள்ளிகள் அமைவது தமிழகமெங்கும் காணப்படும் நிகழ்வு. உழவில் மண்ணுயிர்க்கு நேரும் ஊறு கருதி வாணிகத்தை மேற்கொண்ட இல்லறத்தாரும், அவர்களின் வண்டித்தடம் ஒட்டி ஊர் ஊராக நடந்த துறவியரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்தனர்.

கோட்டாற்றில் சமணம் சிறந்திருந்தமைக்குச் சான்று கோட்டாற்றிற்கு வெளியே, கழுகுமலையில் கிடைக்கிறது. பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அமைந்த அம்மலையில், திருமேனிகள் பலவற்றின் கீழ் அவற்றைச் செய்வித்தவரின் பெயர் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அப்பெயர்களுள் திருக்கோட்டாற்றைச் சேர்ந்த ஆசிரியரும் மாணாக்கரும் இடம்பெறுகின்றனர். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் கோட்டாறு, "திரு" என்னும் அடைபெற்ற சமணத் தலமாக விளங்கிற்று என்பதை அக்கல்வெட்டுகள் காட்டுகின்றன. நாகராசர் கோயில் தூண்களிலுள்ள தீர்த்தங்கரர்கள் எங்கிருந்தோ வந்து ஒதுங்கியவர்கள் அல்லர். அவர்கள் அவ்வூரின் பழங்குடிகள்.

சாரணர் மலை

அக்கழுகுமலைக் கல்வெட்டுகளே குறிக்கும் மற்றொரு தலம் திருச்சாரணம். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் என்னும் சிற்றூரில் அம்மலை உள்ளது. தவவலிமையால் வான்வழி செல்லும் ஆற்றல் பெற்ற முனிவரைச் சாரணர் என்பது சமண மரபு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் எதிர்கொண்டு வணங்கியவர் அத்தகைய சாரணரே. அவர்தம் பெயரால் அமைந்ததே திருச்சாரணத்து மலை.

மலையுச்சியில் ஒரு பெரும்பாறை மற்றொன்றின்மேல் சாய்ந்து இயற்கையான குகையை உண்டாக்கியுள்ளது. அக்குகையையே கருவறைகளாக வகுத்து, முன்னே கல்மண்டபம் எழுப்பியுள்ளனர். வெளிப்புறப் பாறை முகத்தில் தீர்த்தங்கரர் பலரின் அமர்ந்த திருக்கோலங்கள் வரிசையாக அமைய, நாகக்குடையின் கீழ் நிற்கும் பார்சுவநாதரும், பத்மாவதியும், தம் மக்களோடும் சிங்கத்தோடும் நிற்கும் அம்பிகையும் தனியே பெரிய அளவில் விளங்குகின்றனர். குகைக்குள் தீர்த்தங்கரர் திருமேனிகளோடு ஒரு சந்நிதியில் பகவதி வழிபடப்படுகிறாள். மத்திய அரசின் தொல்லியல் துறை இம்மலைக்கோயிலைப் பாதுகாத்து வருகிறது.

பாறைச் சிற்பங்களின் கீழுள்ள வட்டெழுத்துப் பொறிப்புகளில் அச்சணந்தியின் பெயர் காணப்படுகிறது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றில் திருமேனிகள் அமைத்த அறவோரின் பெயர் அது. மற்றொரு பொறிப்பு வீரநந்தியடிகளைக் குறிக்கிறது. அவர் திருநறுங்கொண்டை மேலைப்பள்ளியைச் சேர்ந்தவர். இன்றும் அப்பாண்டைநாதராகப் பார்சுவநாதர் எழுந்தருளியிருக்கும் திருநறுங்கொண்டையை அறியாத தமிழ்ச் சமணர் இலர். நடுநாட்டு மலையொன்றின் பள்ளியிலிருந்து ஒரு துறவி கால்நடையாகவே புறப்பட்டு, சோழநாட்டையும் பாண்டிநாட்டையும் கடந்து, மலைநாட்டின் விளிம்பில் நின்று தம் பெயரைக் கல்லில் விட்டுச் சென்றார். தமிழகத்தின் வடபுறமும் தென்கோடியும் ஒரே அறத்தால் பிணைந்திருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குணந்தாங்கிக் குரத்திகளின் பொன்

திருச்சாரணத்துக் கல்வெட்டுகளுள் நெஞ்சை மிகவும் தொடுவது, ஆய்வேள் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய காலம் அது. பேராயிற்குடி அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள், திருச்சாரணத்து மலைப் பட்டாரியார்க்குப் பொன் அணிகள் அளித்தார் என்பது அதன் செய்தி.

குரத்தி என்பது குரவர் என்பதன் பெண்பால். கற்பிக்கும் தகுதி பெற்ற பெண் துறவியையே அச்சொல் குறிக்கிறது. கழுகுமலையில் திருச்சாரணத்துக் குரத்திகள் உள்ளிட்ட பெண் ஆசிரியர் பலரும், அவர்தம் மாணாக்கரும் குறிக்கப்படுகின்றனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் கற்றார், துறந்தார், கற்பித்தார், கொடையளித்தார், தம் ஆசிரியரின் பெயரோடு தம் பெயரையும் கல்லில் பொறிக்கச் செய்தார். அவர் வழங்கிய பொன் எங்குச் சென்றது என்பதை எவரும் அறியார். பெயர் மட்டும் பாறையில் எஞ்சியிருக்கிறது.

அக்கொடை நிகழ்ந்த காலத்து அரசியற் சூழலும் கருதத்தக்கது. வரகுணனுக்கு முன் ஆண்ட ஆய் மன்னன் கருநந்தடக்கன், கி.பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில் திருமாலுக்குக் கோயில் எடுத்து, 95 சட்டர் தங்கிக் கற்கும் சாலையையும் நிறுவியவன். விக்கிரமாதித்த வரகுணனோ ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்த விகாரத்திற்கு நிலம் அளித்ததைப் பாலியம் செப்பேடு கூறுகிறது. அவனது ஆட்சியாண்டே திருச்சாரணத்துச் சமணக் கொடையிலும் குறிக்கப்படுகிறது. திருமாலும் புத்தரும் அருகரும் ஒரே அரசமரபின் நிழலில் தத்தம் இடத்தைப் பெற்றிருந்தனர்.

பட்டாரியாரும் பகவதியும்

குணந்தாங்கிக் குரத்திகள் "பட்டாரியார்" என்று போற்றிய இயக்கி, பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கல்வெட்டில் "பகவதி" என்று குறிக்கப்படுகிறாள். அதற்குள் அத்தலம் பகவதி கோயிலாக மாறியிருந்தது என்று ஆய்வாளர் கொள்வர். மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? படையெடுப்பைப் பற்றியோ, வாதப் போரைப் பற்றியோ, பள்ளி இடிக்கப்பட்டதைப் பற்றியோ அம்மலைக் கல்வெட்டுகள் பேசவில்லை. பாறை முகத்துத் தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் தெளிவாகவே விளங்குகின்றன.

பகவன் என்னும் சொல் அருகனுக்கும் வழங்கிய பெயரே. ஆதலின் பகவதி என்பதும் சமணச் செவிக்கு அயற்சொல்லன்று. துறவியர் வரவு குறைந்தது. கற்பிக்கும் குரத்தியர் மறைந்தனர். தத்துவத்தை விளக்குவார் இல்லாதபோது, விளக்கேற்றுவாரிடம் கோயில் சென்றடைந்தது. மலையடிவாரத்து மக்களுக்கு அம்மை அம்மையாகவே இருந்தாள். பெயரும் பூசைமுறையும் மாறின, வழிபாடு அறவில்லை.

தென்மாவட்டங்களின் ஊர்தோறும் காணப்படும் இசக்கியம்மன் வழிபாட்டிலும் இத்தகைய தொடர்ச்சி ஒன்றை அறிஞர் காண்கின்றனர். இயக்கி என்னும் சொல்லே இசக்கி எனத் திரிந்தது என்பர். கையில் குழந்தையோடு நிற்கும் இசக்கியின் வடிவமும், மக்களோடு நிற்கும் அம்பிகை இயக்கியின் வடிவமும் ஒப்புநோக்கத் தக்கவை. இசக்கியின் கதை சமணத்தினின்று வேறானது. பலியேற்கும் வழக்கமும் அருக அறத்திற்கு ஒவ்வாதது. எனினும் சொல்லும் உருவும் பழைய உறவை மறைக்கவில்லை.

உதயமார்த்தாண்டனும் இரு பண்டிதரும்

திருச்சாரணம் பகவதி கோயிலாகக் குறிக்கப்பட்டு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்தபின், நாகர்கோவிலில் வேறொரு காட்சி தென்படுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேணாட்டை ஆண்ட பூதலவீர உதயமார்த்தாண்டன், நாகர் கோயிலின் பொருட்டு நிலக்கொடை அளித்தான். அக்கொடைக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணப் பெரியோர் இருவரின் பெயர்கள் காணப்படுகின்றன.

இம்மன்னனைப் பற்றி மக்களிடம் வழங்கும் கதை வேறு. தன் உடற்பிணி நாகரை வணங்கியதால் நீங்க, நன்றிக்கடனாக அவன் கோயிலைக் கட்டுவித்தான் என்பர். கதை கூறும் அம்மன்னனே கல்வெட்டில் சமணப் பண்டிதரோடு சேர்த்துக் குறிக்கப்படுகிறான். மன்னன் சமணன் அல்லன். ஆயினும் அக்கோயிலின் பொறுப்பில் சமணர் இருந்ததை அவன் இடையூறாகக் கருதவில்லை. நாகரை வணங்க வந்த குடிகளும் அதனைக் குறையாக எண்ணியதாகச் சான்றில்லை.

தமிழகத்தில் சமணத்தின் வீழ்ச்சியை ஏழாம் நூற்றாண்டுப் பூசல்களோடு முடித்துவிடுவது பொதுவழக்கு. மதுரைக் கழுவேற்றக் கதையே அவ்வரலாற்றின் இறுதிப் பக்கம் என்று கருதுவோரும் உளர். நாகர்கோவில் கல்வெட்டுகள் அதனை மறுக்கின்றன. அக்கதை கூறும் காலத்திற்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்தும், நாட்டின் தென்கோடியில் இரு சமணப் பண்டிதர் அரசக் கொடையில் இடம்பெறும் மதிப்போடு வாழ்ந்தனர். பூசலால் அழிந்த பள்ளிகள் இருந்திருக்கலாம். பூசலின்றி, தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பள்ளிகளும் இருந்தன. இரண்டையும் ஒன்றாகக் கூறுவது முன்னோர்க்குச் செய்யும் நீதியாகாது.

உரிமையும் உறவும்

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை காணலாம். நாகராசர் கோயில் இன்று இந்துக் கோயில். அங்கு நடைபெறும் பூசையும் விழாவும் அச்சமயத்தார்க்கு உரியவை. அதன் பழைய வாழ்வில் சமணருக்குப் பங்குண்டு என்பதும் அவ்வாறே உறுதியானது. முதற்கூற்று இரண்டாவதை மறுப்பதில்லை. ஒரு பொருளைப் பல நோக்கில் காணலாம் என்றும், ஒரு நோக்கே முழு உண்மையன்று என்றும் கூறும் அநேகாந்தம் நூலில் படித்து மட்டும் அமைவதற்குரியதன்று. இத்தகைய தூணின் முன் நிற்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறி அது.

"இது எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது" என்று கூறின், குணவீர பண்டிதரையும் உதயமார்த்தாண்டனையும் இணைத்த நட்பு மறைந்துவிடும். "இங்குச் சமணம் என்று ஒன்று இருந்ததே இல்லை" என்று கூறின், குணந்தாங்கிக் குரத்திகள் இரண்டாம் முறை மறக்கப்படுவார். முதற்கூற்று பகையை வளர்க்கும். இரண்டாம் கூற்று நினைவை அழிக்கும். அறவோர் விலக்க வேண்டியவை இரண்டும்.

மற்றொன்றும் நன்றியோடு எண்ணத்தக்கது. பழங்குடித் தமிழ்ச் சமணர் இன்று பெரும்பாலும் வடமாவட்டங்களிலேயே வாழ்கின்றனர். குமரி நாட்டில் அவர்தம் பள்ளிகளைக் காக்க அவர்கள் இல்லாத நூற்றாண்டுகளில், அத்திருமேனிகளின் அருகே விளக்கேற்றியவர் யார்? நாகரை வணங்கிய உழவர்களும், பகவதிக்குப் பொங்கலிட்ட பெண்களுமே. வழிபாட்டிடமாக இருந்ததனால்தான் அப்பாறை உடைபடாமல் நின்றது. கோயிலின் தூணாக இருந்ததனால்தான் அத்திருவுருவம் வேறு கட்டடத்திற்குக் கல்லாகச் செல்லவில்லை. பார்சுவநாதரைத் தரணேந்திரன் காத்த கதை சமணருக்குப் புதிதன்று. தென்கோடியில் அவருடைய கல்லுருவத்தையும் நாகத்தின் பெயரே காத்தது.

செய்யத்தக்கன சில உள. மகாவீர சயந்தி நன்னாளில் திருநறுங்கொண்டைக்கும் மேல்சித்தாமூருக்கும் செல்லும் குடும்பத்தார், வாய்த்தபோது பிள்ளைகளைத் திருச்சாரணத்து மலைக்கும் அழைத்துச் செல்லலாம். பாறையைத் தொட்டுத் தேய்க்காமலும், எண்ணெயோ சாந்தோ பூசாமலும், வட்டெழுத்து வரிகளைக் காட்டி அவற்றின் செய்தியை எடுத்துரைக்கலாம். நாகராசர் கோயிலில் அங்குள்ள முறைமைக்கு அடங்கி நின்று, தூணிலுள்ள திருவுருவத்தை மனத்தால் வணங்கி மீளலாம். அருகில் நிற்கும் அடியார் எவரேனும் "இவர் யார்?" என்று வினவினால், வழக்காடும் குரலின்றி, பாம்பிணையின் கதையை அவர்க்குச் சொல்லலாம்.

வீரநந்தியடிகள் திருநறுங்கொண்டையிலிருந்து அவ்வளவு தொலைவு நடந்தது கோயில்களின் கணக்கெடுக்க அன்று, அறத்தை எடுத்துரைக்கவே. அவர் பெயர் பொறித்த பாறையைக் காணச் செல்லும் இற்றைத் தலைமுறைக்கும் அதுவே வழி. ஆடிதோறும் நாகராசர் கருவறைக்குப் புதிய ஓலை வேயப்படுவதுபோல், தலைமுறைதோறும் இந்நினைவும் புதிதாக வேயப்பட வேண்டியது.